அந்த வரிகள் என்னுடையவை

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. எங்கள் பாரிவாக்கம் தெருவில் காரைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. முன்னும் பின்னும் நாலு தடவை போய் வந்து ஒரு வழியாக நிறுத்திவிட்டு, கையில் தாம்பாளமும் பத்திரிகையுமாக ஒரு பையன் இறங்கினான். கூடவே அவன் மனைவி, இடுப்பில் குழந்தை. பையன் என்று நான்தான் சொல்கிறேன். காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டது.

"சார், என்னைத் தெரியுதா?" என்றான்.

தெரியாமல் என்ன? ஏழு வருஷமாக நான் மறக்க முயன்று மறக்க முடியாத முகம் அது. அவன் என்னோடு வேலை பார்த்தவன். புது வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்குள் என்ன ஓடியது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கம்ப்யூட்டர் விஷயம் வரும். பயப்பட வேண்டாம், க்யூவில் நின்ற அனுபவம் இருக்கிற எல்லாருக்கும் புரியும்படி சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக வேலை பார்த்தது ஒரு நெட்வொர்க் கருவி செய்யும் கம்பெனியில். பெயர் வேண்டாம். ஊருக்குள் வரும் இன்டர்நெட் இணைப்பை வாங்கி, வீடு வீடாகப் பிரித்து அனுப்புகிறவர்கள் வைத்திருக்கும் பெட்டி ஒன்றை அங்கே தயாரித்தோம். நீங்கள் போனில் பார்க்கும் படமோ பாட்டோ முழுதாக வருவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. அதற்குப் பெயர் பாக்கெட். எங்கள் பெட்டியின் வேலை, வரும் பாக்கெட்டை வாங்கி, விலாசம் பார்த்து, சரியான பக்கம் தள்ளிவிடுவது. தபால் ஆபீசில் கடிதம் பிரிப்பது போலத்தான். வேகம்தான் வேறு. பத்து கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால், ஒரு விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல் வரும். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ விநாடி. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் அறுபத்தேழு பங்கு!

இந்த வேகத்துக்கு சாதாரண முறை ஈடு கொடுக்காது. அதற்காகவே உருவான மென்பொருள் லைப்ரரி ஒன்று உண்டு. டேட்டா பிளேன் டெவலப்மென்ட் கிட், சுருக்கமாக டிபிடிகே. இன்டெல் நிறுவனத்தில் 2010 வாக்கில் தொடங்கி, 2013ல் எல்லாரும் சேர்ந்து எழுதும் பொதுத் திட்டமாகி, 2017ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் வந்தது. இதன் தந்தை என்று அந்த வட்டாரத்தில் சொல்லப்படுகிறவர் வெங்கி வெங்கடேசன். இன்டெல்லில் இருந்தவர். 2018ல் காலமானார். அந்த வருஷம் வந்த 18.05 பதிப்புக்கு அவர் நினைவாக 'வெங்கி' என்றே பெயர் வைத்தார்கள். 18.05 என்றால் 2018 மே மாதப் பதிப்பு, அவ்வளவுதான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை இதில்தான் மாட்டுகிறது.

இந்த லைப்ரரியில் பலவகை நெட்வொர்க் கார்டுகளுக்கும் பொதுவாக ஒரு மேல் அடுக்கு உண்டு. அதன் கீழே ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனி டிரைவர். கார்டுக்கு வெளியே இருக்கும் வாசல் போர்ட். அதற்கு உள்ளே பாக்கெட்டுகள் வந்து நிற்கும் வரிசைதான் க்யூ. ஒரு போர்ட்டுக்குப் பல க்யூக்கள் இருக்கலாம். பெட்டியை இயக்கும்போது முதலில் போர்ட்டை அமைக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு க்யூவையும் அமைக்க வேண்டும், அதன் பிறகுதான் ஓட விட வேண்டும்.

க்யூவை அமைக்கச் சொல்லும்போது மேல் அடுக்கு சில கேள்விகள் கேட்கும். இந்த எண்ணில் ஒரு க்யூ உண்டா? அதில் எத்தனை பாக்கெட்டுக்கு இடம் கேட்கிறாய்? குறைந்தபட்சத்துக்குக் கீழே போகிறதா, அதிகபட்சத்தைத் தாண்டுகிறதா, குறிப்பிட்ட எண்ணின் மடங்காக இருக்கிறதா? இந்த வரம்புகளை மேல் அடுக்கு தானாகக் கற்பனை செய்வதில்லை. டிரைவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் சரிபார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே டிரைவரைக் கூப்பிடும்.

எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு கார்டு இருந்தது. அதன் டிரைவரை எழுதியவன் அடியேன். நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? மேல் அடுக்கு கேட்ட அத்தனை கேள்விகளையும் என் டிரைவரிலும் மறுபடி கேட்டு வைத்திருந்தேன். வரம்பைச் சொன்னதும் நான்தான். அதை வைத்து லைப்ரரி சரிபார்த்து அனுப்பியதை, வாசலில் நின்று மறுபடி சரிபார்த்ததும் நான்தான். நாற்பது வரிக்கு மேல் இருக்கும்.

ஏன் என்று கேட்டால், பழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு சர்க்யூட் போர்டில் தப்பு வந்தால் அதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். 'எதற்கும் நாமும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்' என்பது எங்களுக்கு வேதவாக்கு. இன்றைக்கும் ராத்திரி கேஸ் வால்வை என் மனைவி மூடிவிட்டு வந்த பிறகு, நான் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன்.

2018 ஜூலை வாக்கில், 17.11 பதிப்பிலிருந்து 18.05க்கு மாற வேண்டி வந்தது. அந்த வேலையை இந்தப் பையனிடம் கொடுத்தார்கள். சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மாற்றங்களைச் செய்து என் பார்வைக்கு அனுப்பினான். அதில் என் டிரைவரின் க்யூ அமைக்கும் பகுதியில் இருந்த அந்த நாற்பது சொச்சம் வரிகளையும் மொத்தமாக எடுத்திருந்தான். கீழே ஒரே ஒரு வாக்கியம்: இவற்றை லைப்ரரியே பார்த்துவிடுகிறது.

எனக்கு வந்ததே கோபம்! இருக்கையிலிருந்து எழுந்து அவன் இடத்துக்கே போனேன்.

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தா என்னப்பா குறைஞ்சு போகுது? ஸ்பீடா குறையுது?"

அவன் எழுந்து நின்றான். "ஸ்பீடு இல்ல சார். க்யூ அமைக்கிறது ஆரம்பத்துல ஒரு தடவைதான்..."

"அப்புறம்? யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதின லைப்ரரியை நம்பி நம்ம பெட்டியை விடறதா? எத்தனை வருஷ அனுபவம் உனக்கு?"

சுற்றிலும் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மேலே பேசவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது வரியையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து அனுப்பினான். நான் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். வெற்றி பெற்ற திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

அவன் சொல்ல வந்ததைச் சொல்ல விட்டிருந்தால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வேகம் என்பது பாக்கெட் ஓடும் பாதையில்தான் பிரச்சினை. 67 நானோ விநாடியில் கேள்வி கேட்க நேரம் கிடையாது என்பதால், அந்தப் பாதையில் டிபிடிகே அநேகமாக எந்தச் சோதனையும் வைப்பதில்லை. பிழை தேடுவதற்கென்று தனியாக அமைத்தால்தான் அங்கே சோதனைகள் உயிர் பெறும். அமைக்கும் நேரத்தில் நூறு சோதனை வைத்தாலும் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். நேரம் நஷ்டமில்லை என்றால் வேறு நஷ்டமே இல்லை என்று நினைத்துவிட்டேன்.

நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஆஃப்லோட் என்று ஒன்று உண்டு. பாக்கெட்டின் கூட்டல் கணக்கைச் சரிபார்ப்பது போன்ற சில வேலைகளைக் கம்ப்யூட்டர் செய்யாமல் கார்டிடமே தள்ளிவிடுவதுதான் ஆஃப்லோட். 17.11 பதிப்பில் விதி இப்படி: போர்ட்டுக்கு ஒரு ஆஃப்லோட் போட்டால், அதே போர்ட்டின் ஒவ்வொரு க்யூவிலும் அதைத் திரும்பக் குறிப்பிட வேண்டும். அதைச் சரிபார்க்கும் வேலை ஒவ்வொரு டிரைவரிலும் தனித்தனியாக இருந்தது. நானும் எழுதியிருந்தேன்: போர்ட்டில் இருப்பது க்யூவில் இல்லையென்றால், அந்த க்யூவை ஏற்காதே.

18.05ல் இந்த வேலையை டிரைவர்களிடமிருந்து எடுத்துப் பொதுவான மேல் அடுக்கில் ஒரே இடத்தில் வைத்தார்கள். விதியையும் மாற்றினார்கள். போர்ட்டுக்குப் போட்டால் அது எல்லா க்யூவுக்கும் போட்டதாகவே அர்த்தம், திரும்பச் சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் மேல் அடுக்கு அதைக் கழித்துவிடும். அந்த க்யூவுக்கு மட்டும் தனியாக என்ன வேண்டுமோ அதை மட்டுமே டிரைவரிடம் கொடுக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு அலுவலகத்தில் இரண்டு கவுன்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கவுன்டருக்குப் புது சர்க்குலர் வந்துவிட்டது: ரேஷன் கார்டு நகல் இனி வேண்டாம், மனுவோடு இருந்தால் எடுத்துவிட்டு அனுப்பு. இரண்டாவது கவுன்டரில் இருப்பவர் கண்டிப்பானவர். பழைய பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டு நகல் இல்லாத மனுவைத் திருப்பி அனுப்புகிறார். முதல் கவுன்டர் எடுத்துவிடுவதையே இரண்டாவது கவுன்டர் கேட்கிறது. ஜனங்கள் என்ன செய்வார்கள்?

அந்த இரண்டாவது கவுன்டர்காரன் நான்தான்.

எங்கள் ஆய்வகத்தில் இது தெரியவில்லை. அங்கே சோதனைப் பெட்டியில் போர்ட்டுக்கு எந்த ஆஃப்லோடும் போடாமல் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். போர்ட்டிலும் பூஜ்யம், க்யூவிலும் பூஜ்யம், சரியாகப் பொருந்திவிட்டது. ஆகஸ்டில் ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் ராத்திரி பதினோரு மணிக்குப் புதுப் பதிப்பை ஏற்றினார்கள். அங்கே ஆஃப்லோட் போட்டிருந்தார்கள். முதல் க்யூவிலேயே என் டிரைவர் கையை விரித்துவிட்டது. போர்ட் எழும்பவில்லை. அந்த ஊரில் அவர்களை நம்பியிருந்த வீடுகள், கடைகள் எதிலும் இன்டர்நெட் இல்லை. பழைய பதிப்புக்குத் திரும்பப் போவதிலும் ஏதோ சிக்கல்.

போனில் இருந்தது இந்தப் பையன். விடிகாலை மூன்றே முக்கால் வரை விழித்து, பதிவேட்டில் இருந்த பிழைச் செய்தியைப் பிடித்து, அந்தச் சோதனை வரிகளை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டி அனுப்பினான். பெட்டி எழுந்து ஓடியது. அந்தப் பிழைச் செய்தியில் 'பொருந்தவில்லை' என்பதற்கான ஆங்கில வார்த்தையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். அந்த எழுத்துப் பிழைகூட என்னுடையதுதான்.

இரண்டு நாள் கழித்து விசாரணைக் கூட்டம். எட்டுப் பேர் இருந்தோம். அந்த வரிகளைக் கடைசியாகத் தொட்டது யார் என்று மேலாளர் திரையில் போட்டுக் காட்டினார். எடுத்த வரிகளைத் திரும்ப வைத்தவன் அவன் என்பதால், அத்தனை வரிக்கும் எதிரே அவன் பெயர். "பதிப்பு மாற்றும்போது இதைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டார். பையன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். "பார்த்திருக்கணும் சார்" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. இத்தனை வருஷம் சேர்த்த பெயர் கடைசி நேரத்தில் கெடுவானேன் என்று நினைத்தேன். அப்புறம் மேலாளரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை. அந்த வருஷம் அவனுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நவம்பரில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். கவனமான மனிதர் என்று பேசினார்கள். முதல் வரிசையில் நின்று அவனும் கை தட்டினான்.

ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடப்பேன். நடக்கும்போது அந்த நாற்பது வரியும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். ஒரே சோதனை இரண்டு இடத்தில் இருந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். எழுதிய அன்றைக்கு அது சரி. பிறகு ஒரு இடத்தில் விதி மாறும், இன்னொரு இடத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள். அன்றையிலிருந்து அது பாதுகாப்பில்லை, இரண்டு சட்டம். தவிர, இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்றால் 'அவர் பார்த்திருப்பார்' என்று இரண்டு பேருமே விட்டுவிடுவதும் உண்டு. விதியை அறிந்தவர் ஒருவர், ஒரே இடத்தில், ஒழுங்காகப் பார்ப்பதுதான் முறை. மற்றவர்கள் அவரை நம்ப வேண்டும். நம்புவதற்கு முன், அவர் என்ன பார்க்கிறார் என்று ஒரு தடவை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 18.05 பதிப்போடு வந்த குறிப்பை நான் படிக்கவில்லை. அவன் படித்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காபி வந்தது. குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவன் மனைவியும் என் மனைவியும் உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன்.

"தம்பி, அந்த ஆகஸ்ட் மாச விஷயம்..."

"விடுங்க சார், எந்தக் காலத்து கதை" என்றான். நான் விடவில்லை. சொல்ல வேண்டியதை முழுக்கச் சொன்னேன். என் வரிகள், என் பிடிவாதம், கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டது, எல்லாம்.

கொஞ்ச நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "சார், அந்த நாற்பது வரியில ஒரு நாலு வரி லைப்ரரியில கிடையாது. பக்கத்துப் பக்கத்து க்யூ ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும்னு ஒரு செக் வெச்சிருந்தீங்க, ஞாபகம் இருக்கா? அது நம்ம கார்டுக்கு மட்டும் உள்ள விதி. ரெண்டு க்யூவும் கார்டுக்குள்ள ஒரே மெமரியைப் பங்கு போட்டுக்கும். நான் அதையும் சேர்த்துத்தான் தூக்கியிருந்தேன். நீங்க தடுக்கலைன்னா பாக்கெட் எங்க காணாமப் போகுதுன்னே தெரியாம அலைஞ்சிருப்போம். அப்புறமாத்தான் எனக்கே புரிஞ்சுது."

ஆக, நானும் மொத்தமாக வைத்தேன், அவனும் மொத்தமாக எடுத்தான். உட்கார்ந்து வரி வரியாக, 'இது யாருக்குத் தெரிந்த விஷயம், இதை வேறு யார் பார்க்கிறார்கள்' என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசியிருந்தால் முப்பத்தாறு வரி போயிருக்கும், நாலு வரி நின்றிருக்கும். பேச விடாமல் செய்தது என் வயசு.

எனக்குக் கொஞ்சம் மனசு லேசானது. அதை அவன் கவனித்திருப்பான் போல. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்: "ஆனா அந்த மீட்டிங்ல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "ஆமாம்ப்பா" என்றேன்.

அவர்கள் கிளம்பியபோது என் மனைவி குங்குமம் கொடுத்து, குழந்தை கையில் பணம் வைத்தாள். கார் பூந்தமல்லி-ஆவடி ரோட்டுப் பக்கம் திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன்.

அன்று அந்த அறையில் இருந்த எட்டுப் பேரில் இரண்டு மூன்று பேர் இந்த வலைப்பூவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். அந்தச் சோதனை வரிகள் என்னுடையவை. அவன் எடுத்தான், நான்தான் திரும்ப வைக்கச் சொன்னேன். ராத்திரி முழுக்க விழித்து அதைச் சரி செய்தவன் அவன். திரையில் இருந்த பெயர் தப்பு.

வருகிற வெள்ளிக்கிழமை விடிகாலை கிரகப்பிரவேசம். நானும் மனைவியும் போகிறோம். அந்தப் பழைய கூட்டத்தில் சிலரும் வருவார்களாம். அவர்கள் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்து எழுதுகிறேன்.